எரியாத மஞ்சள் விளக்கு

பெரிய மனிதர்கள் வெள்ளம் பார்க்க இனி ஹெலிகொப்டர் தேவையில்லையாம். ட்ரோன் ஒன்றை அனுப்பிவிட்டு, குளிரூட்டிய அறையில் இருந்தபடியே திரையில் பார்க்கலாம் என்று எங்கள் விமானிகளின் வட்ஸ்அப் குழுவில் ஓர் இளம் அதிகாரி பெருமையோடு எழுதியிருந்தார். கீழே கைதட்டும் படங்கள் வரிசையாக வந்தன. அன்று பின்னேரமே அவர் எனக்குத் தனியாகத் தொலைபேசி எடுத்தார். வெள்ளத்தோடு சம்பந்தப்பட்ட கதை ஒன்று உங்களிடம் இருக்கிறதாமே, படையின் சஞ்சிகைக்கு இரண்டு பக்கம் எழுதித் தருவீர்களா, இளையவர்களுக்குக் கொஞ்சம் உற்சாகமூட்டுவதாக இருந்தால் நல்லது என்று கேட்டார்.

கதை இருக்கிறது. உற்சாகத்துக்கு நான் உத்தரவாதம் இல்லை.

நான் எயார் வைஸ் மார்ஷலாக ஓய்வுபெற்றவன். தரைப்படையில் மேஜர் ஜெனரலுக்குச் சமமான பதவி. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் அவ்வளவு நீளமான பெயரைச் சொல்ல ஒருவருக்கும் பொறுமை இல்லாததால் 'ஜெனரல் ஐயா' ஆகிவிட்டேன். ஜெனரலின் இன்றைய அதிகாரம், லிஃப்ட் நின்றால் கம்பனிக்குத் தொலைபேசி எடுப்பதும் தண்ணீர்த் தாங்கி கழுவும் நாளை அறிவிப்பதும்தான். போன மாதம் மூன்றாம் மாடி அம்மா ஒருவர் என்னைப் படிக்கட்டில் மறித்து, "ஜெனரல் ஐயா, உங்கட ஆமியில சொல்லி மொட்டை மாடியில வாற காகங்களுக்கு ஏதாவது செய்யேலாதோ?" என்று கேட்டார். என் சேவைக்காலத்தில் எனக்குக் கிடைத்த கட்டளைகளில் இதைவிடத் தெளிவானவை குறைவு.

பிறந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா துறைமுகத்தில் ஒரு களஞ்சியசாலையின் எழுதுவினைஞர். நான் படையில் சேர்ந்த காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் சேர்வது விசித்திரமாக இருந்தது. சில வருடங்களில் அது விளக்கம் சொல்ல முடியாத காரியமாகிவிட்டது. அம்மா விளக்கம் சொல்லச் சிரமப்படவில்லை. யார் கேட்டாலும் "அவன் எயார்போட்டில வேலை செய்யிறான்" என்பார். கடைசிவரை அதை அவர் மாற்றவில்லை. ஒருமுறை கொச்சிக்கடைப் பக்கம் இருந்து வந்த உறவினர் ஒருவர், என் சிபாரிசில் தன் மகனுக்குச் சுங்கத்தில் வேலை கேட்டார்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், கத்தினார்கள், மறுபடி ஓடினோம். ஹெலிகொப்டர் பறப்பது இயற்கைக்கு விரோதமான செயல் என்பதை ஒரு வருடம் படித்தோம். எங்கள் அணியில் தமிழன் நான் ஒருவன்தான். நண்பர்கள் அன்பானவர்கள், என்னை 'புலி' என்று பகிடியாகக் கூப்பிட்டார்கள். நாட்டு நிலைமை மோசமானதும் அந்தப் பகிடியை அவர்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

என்ன பறந்தாய் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். காயக்காரரை ஏற்றினேன், அரிசி ஏற்றினேன், மருந்து ஏற்றினேன், பெரிய ஆட்களை ஏற்றினேன். பச்சைப் பெட்டிகளும் ஏற்றினேன். அவற்றுக்குள் பூக்கள் இருந்தன என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விடுமுறைக்குச் சிவில் உடையில் வெள்ளவத்தைக்கு வரும்போது காவலரணில் என் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் பார்ப்பார்கள். உடனே ஓர் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். பொலிஸ் பதிவு எங்கே, கொழும்பில் என்ன வேலை, யார் வீட்டில் தங்கல் என்று விசாரணை நடக்கும். பிறகு நான் இரண்டாவது அட்டையை எடுத்துக் காட்டுவேன். அதே மனிதர் குதியை அடித்து சல்யூட் வைப்பார். மனைவி எப்போதும் கேட்பாள்: "அந்தக் கார்ட்டை முதலே காட்டினா என்ன?" காட்டியிருக்கலாம். என் பெயருக்கு மட்டும் கிடைக்கும் மரியாதை எவ்வளவு என்று அவ்வப்போது சரிபார்க்க ஆசையாக இருந்தது.

இனி, என் மேலதிகாரி. அவரை நாங்கள் 'பச்சை மை' என்று சொல்வோம். குரூப் கப்டன். எல்லாத் தாள்களிலும் பச்சை மையால்தான் எழுதுவார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். கைக்குட்டையால் துடைப்பார். "நிச்சயமா?" என்பார். நீங்கள் ஓம் என்பீர்கள். மற்றக் கண்ணாடியைத் துடைப்பார். "நிச்சயமா?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல்முறையாக உங்களைப் பார்ப்பது போலப் பார்த்து, மூன்றாம் தடவை கேட்பார். அந்த மூன்றாவது 'நிச்சயமா'வில், தங்கள் சொந்தப் பிறந்த திகதியை மாற்றிச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். மேசையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பேணி இருக்கும். அதை அவர் உங்கள் பக்கம் தள்ளினால் கெட்ட செய்தி வருகிறது என்று அர்த்தம்.

பறப்பதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகளை அவர் வேதம்போல் வைத்திருந்தார். வலப்பக்கக் கதவில் தொடங்கி இயந்திரத்தைச் சுற்றி நடக்கவேண்டும். இடப்பக்கம் தொடங்கினால் திரும்ப முதலிலிருந்து. ஒவ்வொரு மூடியையும் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் தொடவேண்டும். எண்ணெய் மட்டத்தைப் பார்த்தபின் பார்த்தேன் என்று வாயால் சொல்லவேண்டும். இவ்வளவும் முடிந்தபின் தொழில்நுட்பவியலாளர் ஒரு படிவத்தில் கையெழுத்திடுவார், பிறகு விமானி கையெழுத்திடுவார். அந்த இரண்டு கையெழுத்தும் இல்லாமல் ஹெலிகொப்டர் தரையைவிட்டு ஓர் அங்குலம் எழும்பக்கூடாது. எங்களுக்கு இது எரிச்சலாக இருந்தது. எரிச்சல்பட்ட எல்லாரும் உயிரோடு ஓய்வுபெற்றோம் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்தப் படிவத்தில் என்னோடு அதிகம் கையெழுத்திட்டவன் கோப்ரல் பெர்னாண்டோ. ஹெந்தளைக்காரன். கத்தோலிக்கச் சிங்களவன், ஆனால் வீட்டிலும் கடற்கரையிலும் தமிழ் கேட்டு வளர்ந்ததால் இரண்டு பாஷையும் ஒரே வேகத்தில் வரும், சிலவேளை ஒரே வசனத்திலேயே வரும். கியர் பெட்டியின் சத்தத்தைக் கேட்டே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடுவான். என்னைவிட நாலு வயது இளையவன்.

கிழக்கில் பெருவெள்ளம் வந்த ஒரு வருடம். எங்கள் தளத்தில் பறக்கும் நிலையில் இருந்த ஹெலிகொப்டர் ஒன்றே ஒன்று. அதற்கு நான் விமானி, பெர்னாண்டோ தொழில்நுட்பவியலாளர். காலையில் ஒரு செய்தி வந்தது: ஆற்றோரக் கிராமம் ஒன்றில் ஒரு பாடசாலைக் கூரைமேல் சனம் நிற்கிறது, படகு போக முடியாத நீரோட்டம். பத்து நிமிடத்தில் இரண்டாவது செய்தி வந்தது: கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்திருக்கிறார், வெள்ளத்தை வானிலிருந்து பார்வையிட வேண்டும். இரண்டாவது செய்தியில் 'உடனடி' என்று அடிக்கோடிட்டிருந்தது. கூரையில் நின்றவர்களுக்கு அடிக்கோடு போட ஆள் இல்லை.

பெரிய மனிதர் இரண்டு புகைப்படக்காரர், ஒரு செயலாளர், ஒரு குடையோடு ஏறினார். வானில் அந்தக் குடை எதற்கு என்று நான் கேட்கவில்லை. பதினைந்து நிமிடம் பறந்தோம். "இன்னும் கொஞ்சம் தாழப் போங்க, படத்தில தண்ணி சரியா விழல்ல" என்று ஒரு புகைப்படக்காரர் ஹெட்செட்டில் சொன்னார். தண்ணீர் எங்கள் கீழே எத்தனையோ மைல் அகலத்துக்குக் கிடந்தது. அப்போது வலப்பக்கம் அந்தக் கூரையைக் கண்டேன். சாக்குப்பைகளும் ஆட்களும் ஒரே நிறத்தில் இருந்தார்கள். ஒருவர் வேட்டியைக் கழற்றி வீசிக்கொண்டிருந்தார்.

எங்கள் கருவிப் பலகையில் ஒரு சிறிய மஞ்சள் விளக்கு உண்டு. கியர் பெட்டிக்குள் உலோகத் துகள் சேர்ந்தால் அது எரியும். எரிந்தால் உடனே தரையிறங்கவேண்டும். தொழில்நுட்பவியலாளர் அந்தத் துகளைப் பிடிக்கும் பிளக்கைக் கழற்றித் துடைத்து, மறுபடி பூட்டி, புதுக் கம்பியால் இறுக்கிக் கட்டிக் கையெழுத்திடவேண்டும். அதன்பின்தான் பறக்கலாம். அதுவும், உயிர் காக்கும் அவசரம் தவிர, பயணிகள் இல்லாமல்.

விளக்கு எரியவில்லை. நான் எரிகிறது என்றேன்.

"சேர், மன்னிக்கவும், கியர் பெட்டியில் கோளாறு, கட்டாயம் இறங்கவேணும்" என்று பெரிய மனிதருக்கு அறிவித்தேன். பின்னால் இருந்த பெர்னாண்டோ எட்டிப் பலகையைப் பார்த்தான். இருண்டிருந்த விளக்கைப் பார்த்தான். பிறகு வலப்பக்கக் கூரையைப் பார்த்தான். "ஓம் சேர், எரியுது" என்றான்.

மேடான ஒரு விளையாட்டு மைதானத்தில் இறக்கினேன். பெரிய மனிதரும் பரிவாரமும் குனிந்துகொண்டு ஓடிக் கோல்கம்பத்தடியில் நின்றார்கள். அங்கே ஏற்கெனவே நாலைந்து மாடுகள் ஒதுங்கி நின்றன. குடைக்குக் கடைசியாக ஒரு வேலை கிடைத்தது. நாங்கள் கூரைக்குப் போனோம்.

மூன்று தடவை போய்வந்தோம். கூரையில் சக்கரத்தைத் தொடவிட்டும் தொடவிடாமலும் நான் பிடித்துக்கொண்டிருக்க, பெர்னாண்டோ கதவில் வயிற்றில் படுத்து ஒவ்வொருவராக இழுத்தான். ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தன் இடுப்புப் பட்டியோடு சேர்த்துக் கட்டி ஏற்றினான். ஒருவர் தையல் மெஷினை விட்டு வரமாட்டேன் என்று நின்றார். அதையும் ஏற்றினோம், பச்சை மை இதை வாசிக்கமாட்டார் என்ற துணிவில் எழுதுகிறேன். ஒரு கிழவர் என் தோளைத் தட்டி, சைகையால் எதையோ கேட்டார். "இருங்கோ ஐயா, இப்ப இறக்கிவிடுறன்" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டுப்போனார்.

"தமிழா மனே நீ?" மகனே என்பது அந்தப் பக்கத்தில் 'மனே'.

"ஓம் ஐயா."

என் சீருடையை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டில தெரியுமா?" என்று கேட்டார்.

மூன்றாம் தடவை கடைசி ஆளை ஏற்றித் திரும்பும்போது கூரையின் ஆற்றுப்பக்கம் மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கியது. சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. பெர்னாண்டோ சிலுவை போட்டுக்கொண்டான். அதன்பிறகுதான் மாடுகளிடமிருந்து பெரிய மனிதரை மீட்டோம்.

மறுநாள் பத்திரிகையில் அவர் படம் வந்தது. பாதிக்கப்பட்ட மக்களுக்காகத் தன் ஆசனத்தை மனமுவந்து விட்டுக்கொடுத்துக் கொட்டும் மழையில் நின்றாராம். மனமுவந்தது எந்தக் கணத்தில் என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது பறந்துகொண்டிருந்தேன். ஆனால் அந்தச் செய்தி என்னைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. செய்தி வருவதற்கு முதல்நாள் மாலையே, பெரிய மனிதரை மைதானத்தில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று செயலாளர் முறைப்பாடு எழுதிவிட்டார். ஃபைல் திறந்தாயிற்று. திறந்த ஃபைலை மூட ஒரு குற்றவாளி வேண்டும். புண்ணியவான்களை வைத்து மூடமுடியாது.

விசாரணை அதிகாரி பச்சை மை. என்னையும் பெர்னாண்டோவையும் தனித்தனியாக அழைத்தார். நாங்கள் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

"விளக்கு எரிஞ்சதா, யோகராஜா?"

"எரிஞ்சது சேர்."

கண்ணாடியைத் துடைத்தார். "எஞ்சினை நிப்பாட்டி, பிளக்கைச் சோதிச்ச பிறகுதான் எழும்பினீரா?"

"ஓம் சேர்."

"நிச்சயமா?"

மூன்று தடவையும் நிச்சயம் என்றேன். படையில் அவருடைய மூன்றாவது 'நிச்சயமா'வைத் தாண்டியவன் நான் ஒருவன்தான் என்று அப்போது எனக்குள் ஒரு கர்வம்கூட வந்தது.

அடுத்த கிழமை மறுபடி அழைத்தார். பிஸ்கட் பேணியை என் பக்கம் தள்ளினார்.

"நான் இயந்திரத்தைப் போய்ப் பார்த்தன். பிளக்கில கட்டியிருக்கிறது பழைய கம்பி. கறுத்துப் போய், எண்ணெய் படிஞ்சு. கழற்றியிருந்தா புதுக் கம்பி மினுங்கவேணும்."

கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு விதமா மூடலாம். ஒண்டு, விளக்கே எரியல்ல, விமானி பொய் சொன்னார். அந்த விமானியின்ர பெயர் என்ன, அவர் எந்த ஊர் ஆட்களை ஏற்றினார், யாருக்காக யாரை மைதானத்தில விட்டார் எண்டு இன்னொரு ஃபைல் திறப்பினம். அந்த ஃபைல் என்னட்ட வராது. என்னைவிட மரியாதை குறைஞ்ச இடத்துக்குப் போகும்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மற்றது, கோப்ரல் பிளக்கைத் துடைச்சார், புதுக் கம்பி கட்ட மறந்துபோனார். ஃபைலில போட அதுக்கு ஒரு சொல் இருக்கு."

"கோப்ரல் என்ன சொன்னவர் சேர்?"

"அவரும் எஞ்சினை நிப்பாட்டினதாத்தான் சொல்றார். நேரம் இருந்ததாம். மறந்துட்டாராம்."

அப்போது என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. வெள்ளவத்தையில் ஒவ்வொரு சந்தியிலும் காவலரண். நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டேன். பச்சை மை அன்றே ஃபைலை மூடினார்.

பெர்னாண்டோவுக்கு வரவேண்டிய சார்ஜன்ட் பதவி நின்றது. படிவத்தில் கையெழுத்திடும் உரிமையைப் பறித்தார்கள். கியர் பெட்டியின் சத்தத்தைக் கேட்டு நோய் சொன்னவனைப் போர்வைகள் எண்ணும் களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவன் விலகிப்போனான். நான் போய் விடைகொடுக்கவில்லை. அன்று எனக்கு முக்கியமான பறப்பு ஒன்று இருந்தது. என்ன பறப்பு என்று ஞாபகமில்லை.

எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் இருந்தது என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். இரண்டு நிமிட வேலை. கம்பியை வெட்டிப் புதுசு கட்டியிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் வந்திருக்காது. இவ்வளவு கெட்டிக்காரன் அதை எப்படி மறந்தான் என்று பல வருடம் சலித்துக்கொண்டேன். புதிதாக வந்த விமானிகளுக்கு அதை ஒரு பாடமாகவே சொல்லியிருக்கிறேன்: கம்பியை மறக்காதீர்கள்.

பிறகு நான் உயர்ந்தேன். யுத்தம் முடிந்தபின் மேடைகளில் ஒரு தமிழ் அதிகாரி தேவைப்பட்டார். வெளிநாட்டுக் குழுக்கள் வரும்போதெல்லாம் முன்வரிசையில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். என் பதவி உயர்வுக்குத் திறமைதான் காரணம் என்று உரைகளில் சொன்னார்கள். திறமை அதற்கு முந்திய பத்து வருடமும் என்னிடம்தான் இருந்தது; ஒருவேளை அது படத்தில் சரியாக விழவில்லை.

சஞ்சிகைக்கு எழுத உட்கார்ந்தபோது, பெர்னாண்டோவிடம் கேட்காமல் எழுதுவது சரியில்லை என்று தோன்றியது. விசாரித்து ஹெந்தளைக்குப் போனேன். வீட்டின் முன்பக்கமே பட்டறை: குளிர்சாதனப் பெட்டி, ஏசி திருத்துமிடம். முடி முழுதும் நரைத்திருந்தது. ஒரு கம்ப்ரசரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேராக நின்றான். சல்யூட் வைத்துவிடுவானோ என்று பயந்து நான் முந்திக்கொண்டு கையைப் பிடித்தேன்.

மனைவியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். அவர் என்னைப் பார்த்து, "மே த அர பைலட் மாத்தயா?" என்று கேட்டார். இவர்தானா அந்த விமானி ஐயா என்று. குரலில் மரியாதை இருந்தது, அதைவிட வேறு ஒன்றும் இருந்தது. தேநீர் வந்தது.

நான் எழுதப்போவதைச் சொன்னேன். எரியாத விளக்கையும் எழுதப்போகிறேன் என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். நான் ஒரு பெருந்தன்மையோடு, "அந்தக் கம்பியை நீ மறந்ததை நான் பெரிசாக் காட்ட மாட்டன், பெர்னாண்டோ. யாருக்கும் வாற பிழைதானே" என்று முடித்தேன்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"சேருக்கு ஞாபகம் இல்லையா?"

"எது?"

"கிரவுண்டில இறங்கினோமே. நான் ஹெட்செட்டோட முன்னால வந்து உங்களுக்குக் கை காட்டினேன். எஞ்சினை நிப்பாட்டுங்க சேர், ரெண்டு நிமிசம் தாங்க, பிளக்கைக் கழட்டிக் கம்பியை மாத்திடுறேன், பிறகு கேட்டா நமக்குச் சொல்ல ஒண்டு இருக்கும் எண்டேன். காத்தாடி சுத்துறப்ப அதைக் கழட்ட ஏலாதே."

"நான் என்ன சொன்னனான்?"

"நிப்பாட்டினா அந்த மாத்தயா திரும்ப ஏறிடுவார் எண்டீங்க. சுத்துற வரைக்கும் கிட்ட வரமாட்டார் எண்டீங்க." சிரித்தான். "சரிதானே சேர். அவர் வந்திருப்பார்."

நான் அந்த மைதானத்தை நினைத்துப் பார்த்தேன். மாடுகள் வந்தன. குடை வந்தது. முன் கண்ணாடிக்கு வெளியே, காற்றில் சட்டை அடித்துக்கொள்ள, இரண்டு விரல்களை உயர்த்திக்கொண்டு நின்ற பெர்னாண்டோவும் மெதுவாக வந்தான். எஞ்சின் நிற்கவில்லை. நிறுத்தினேன் என்று பச்சை மையிடம் மூன்று தடவை சொன்னவன், அதை நம்பிக்கொண்டே ஜெனரலாகிவிட்டான்.

"அப்ப விசாரணையில ஏன் நிப்பாட்டினதாச் சொன்னாய்?"

"இல்லை எண்டு சொன்னா உங்க வேலை போயிருக்கும். அந்தக் காலத்தில வேலை மட்டுமா போயிருக்கும்?" உள்ளே பார்த்துக் குரலைக் குறைத்தான். "நிப்பாட்டினீங்க எண்டு சொன்னா எனக்கு நேரம் இருந்தது எண்டு ஆகும். அப்ப கம்பி ஏன் பழசு எண்டு கேப்பாங்க. அதுக்கு ஒரே ஒரு பதில்தானே சேர் இருக்கு."

வெகுநேரம் இருந்தேன். சார்ஜன்ட் பதவியைப் பற்றிச் சொன்னேன், தலைமையகத்துக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவன் அதொன்றையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பியபோதுதான் கேட்டான்.

"எல்லாத்தையும் எழுதுங்க சேர். ஃபைல்ல அவங்க போட்ட அந்த ஒரு சொல்லை மட்டும் போடாதீங்க. நான் விலகினப்ப தந்த கடதாசியில மகன் அதை வாசிச்சிருக்கான். நான் வேலையில ஒரு நாளும் ஒண்டும் மறந்ததில்ல."

அந்தச் சொல்லை இதில் எங்கும் நான் எழுதவில்லை. ஆகவே என் கையெழுத்தோடு எழுதுகிறேன். கோப்ரல் பெர்னாண்டோ மறக்கவில்லை. மறந்தவன் நான்.